கோட்டுக்கு மேல் தண்ணீர்

காலையில் கண்ணைத் திறந்ததும், பல்கூடத் துலக்காமல், கடல் தொட்டிக்கு ஒன்றரை ஜக் நல்ல தண்ணீர் ஊற்றுவது அவன் வழக்கம். ஒரு நாளில் அவ்வளவு தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் உப்பு ஏறி, தொட்டியில் இருக்கிற உயிரெல்லாம் செத்துப்போகும். அதற்காகக் கண்ணாடியில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். இரண்டு வருஷமாக, மழையானாலும் வெயிலானாலும், காலையில் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் கீழேதான் நிற்கும். அன்றைக்கு அது கோட்டிலேயே நின்றது.

ஜக்கும் கையுமாக அவன் குனிந்து பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "தொட்டியில நீ தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டான்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "வீட்ல குடிக்கத் தண்ணி பிடிச்சு வைக்கவே ஆளைக் காணோம். இதுல உங்க தொட்டிப் பாறைக்கு வேற நான் ஊட்டி விடணுமா?"

ஏழு வயது மகளை எழுப்பிக் கேட்டான். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இல்லை என்று கையை மட்டும் ஆட்டினாள்.

வேறு யாராவதாக இருந்தால், ஒருநாள் ஆவியாகவில்லை, அவ்வளவுதான் என்று குளிக்கப் போயிருப்பார்கள். இவனால் முடியாது. இவன் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவன். மீட்டரில் ஓடுகிற தண்ணீருக்கும் குழாயில் வருகிற தண்ணீருக்கும் கணக்கு இடித்தால், எந்தத் தெருவில் எந்த வீட்டுச் சுவருக்குள் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அலுவலகத்தில் அவனைச் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு சொட்டு காணாமல் போனாலும் தூங்கமாட்டான் என்பதால். காணாமல் போகிற தண்ணீரைத் தேடிப் பழகியவனுக்கு, கூடுதலாக வந்து நிற்கிற தண்ணீரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. ஒரு நூல் அளவுதான். ஆனால் மேலே.

உப்பு பார்க்கிற கண்ணாடிக்குழலில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நல்ல தண்ணீர் சேர்ந்திருந்தால் உப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஆக, வந்து சேர்வது குழாய்த் தண்ணீர் இல்லை. அதுவும் உப்புத் தண்ணீர். அன்றைக்கு வேலைக்குப் போன தெருவில் மூன்று வீட்டு மீட்டர்களை மாற்றி எழுதிவிட்டு, திரும்பிப் போய்த் திருத்தினான்.

இதற்கெல்லாம் ஆரம்பம் மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் செய்த ஒரு தப்பு.

கடற்பஞ்சைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. கடல் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது பாலபாடம். கடற்பஞ்சுக்கு வாய், வயிறு என்று எதுவும் தனியாகக் கிடையாது. உடம்பு முழுக்கத் துளைதான். ஒரு பக்கத் துளையில் தண்ணீரை இழுத்து, அதில் இருப்பதைத் தின்றுவிட்டு, இன்னொரு பக்கம் விடும். அந்தத் துளைகளுக்குள் காற்று புகுந்துவிட்டால் பிறகு வெளியே வராது. காற்று நின்ற இடம் அழுக ஆரம்பிக்கும். அதனால் கடையிலேயே தண்ணீருக்குள் வைத்துப் பையில் கட்டித் தருவார்கள், வீட்டிலும் தண்ணீருக்குள் வைத்தே அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இருந்தும், செக்கச்சிவந்த ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பஞ்சை ஆசை ஆசையாக வாங்கி வந்த அன்று, மகள் பக்கத்தில் நின்று, "ஒரே ஒரு தடவை தொட்டுப் பாக்கறேன்பா, ஒரே ஒரு தடவை," என்று கெஞ்சினாள். தொட்டியின் விளிம்பு அவள் கைக்கு எட்டாது. அவன் பஞ்சைத் தூக்கிக் காட்டினான். நாலு விநாடி இருக்கும்.

மூன்றாம் நாள் அதில் சாம்பல் புள்ளி விழுந்தது.

கடைக்காரருக்கு போன் பண்ணினான். "நீங்களா சார் வெளியில எடுத்தீங்க?" என்று அவர் கேட்ட கேள்வியில் அவன் கூனிக் குறுகிப் போனான். "போனது போகட்டும். ஒரு வழி இருக்கு, சொல்லுவாங்க. மெல்லிசான துணியில வெச்சு, கடல் தண்ணிக்குள்ளயே அமுக்கிப் பிழிஞ்சு விடுங்க. மாவு மாதிரி கரைஞ்சிடும். அழுகினது துணியில நின்னுடும், உயிரோட இருக்கறது கீழ இறங்கிடும். ரெண்டு நாள்ல அதுங்களே ஒண்ணோட ஒண்ணு தேடிப் பிடிச்சு மறுபடி ஒரே பஞ்சா ஆயிடும்."

"வேற ஏதாவது அதுல கலந்துட்டா?"

"ரெண்டு ஜாதிப் பஞ்சைக் கலந்து பிழிஞ்சாலும், அது அது தன் ஆளைத் தேடித்தான் போய் ஒட்டும். மாறாது."

"நீங்க பண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்கு சார் பண்றேன்? நான்தான் தண்ணியை விட்டு வெளியில எடுக்கமாட்டேனே."

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அப்பாவும் மகளும் வாளியில் கடல் தண்ணீரை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். பழைய பருத்தித் துண்டின் இரண்டு முனையை வாலு பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்குள் துண்டை வைத்து அவன் அமுக்க அமுக்க, ஆரஞ்சு நிறம் புகை மாதிரி இறங்கி வாளியெல்லாம் பரவியது. வாலுவுக்கு முன்பல் ஒன்று ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. வேலை மும்முரத்தில் நாக்கால் அதை நெட்டித் தள்ளிக்கொண்டே குனிந்திருந்தாள். பல் வாளிக்குள் விழுந்தது. அதன் பின்னாலேயே ரத்தம், ஏழெட்டுச் சொட்டு.

"பல்லு! பல்லு!" என்று அவள் குதித்தாள். அழவில்லை. அவன் கையை விட்டுத் துழாவினான். தண்ணீர் கஞ்சி மாதிரி இருந்தது, எதுவும் தட்டுப்படவில்லை.

"விடுப்பா. பஞ்சே வெச்சுக்கட்டும்," என்றாள் அவள், பொக்கை வாயைக் காட்டி.

அந்த வாளியைச் சாக்கடையில் கொட்ட ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விலை கொடுத்து வாங்கிய பொருள், தன் தப்பால் கெட்டது, எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்கிற வீம்பு. அவன் வாளியைத் தூக்கி, தொட்டியில் பெரிய பாறையின் நிழல் விழுகிற மூலையில் மெல்ல ஊற்றினான்.

கடைக்காரர் சொன்னது பலித்தது. இரண்டே நாளில் பாறையடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஆரஞ்சுப் பொட்டுகள். அவை நகர்ந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. வாலு கைதட்டினாள். அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருந்ததை அவன் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தான். அது ஆரஞ்சு இல்லை. வெளிறிய கோதுமை நிறம். வாலுவின் முழங்கையின் உள்பக்கத்து நிறம்.

பாறையோடு ஏற்கெனவே வந்த ஏதோ ஒரு பஞ்சு என்று நினைத்து அவன் சந்தோஷப்பட்டான். பஞ்சுக்குத் தீனியான, பாசி கலந்த பச்சை நிறத் தண்ணீரைச் சொட்டுக் குழலில் எடுத்து இரண்டுக்கும் கொடுத்தான். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் வாலு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பாள். ஆரஞ்சுப் பஞ்சு விரலில் கிச்சுகிச்சு மூட்டுகிறது என்பாள். மனைவி திட்டினால் கையை எடுத்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் திரும்ப விடுவாள்.

தண்ணீர் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதே வாரத்தில் வாலு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலம், ஓடியாடுகிற பிள்ளை. பிறகு பள்ளியிலிருந்து டீச்சர் குறிப்பெழுதி அனுப்பினார், வகுப்பில் உட்காராமல் குழாயடியிலேயே நிற்கிறாள் என்று. உதடு வெடித்தது. கண்ணுக்குக் கீழே தோல் சுருங்கியது. இடுப்பில் பாவாடை நிற்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மனைவி, கடைக்கு வருகிற பிள்ளைகளை எல்லாம் பார்த்துப் பழகியவள், முதல் முறையாகப் பயந்து போனாள்.

டாக்டர் சர்க்கரை பார்த்தார், சிறுநீரகம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார்.

"கொடுக்கறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல டாக்டர்," என்றாள் மனைவி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும்போல் இருந்தது. அன்று காலை தொட்டியிலிருந்து ஒன்றரை ஜக் உப்புத் தண்ணீரை அவன் வெளியே எடுத்து ஊற்றியிருந்தான். முன்பு எவ்வளவு ஊற்றுவானோ, அதே அளவு.

வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து மகளைப் பார்த்தான். கூடத்துக்கும் மகள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தால் குளுகுளுவென்று இருந்தது. தொட்டி எப்போதும் விடுகிற உப்பும் பாசியும் கலந்த வாசனையில் இப்போது வேறு ஏதோ சேர்ந்திருந்தது, குளித்துவிட்டு வந்த குழந்தையின் தலையில் வருகிற வாசனை மாதிரி. ஆரஞ்சுப் பஞ்சு சிறுத்துக்கொண்டே வந்தது. கோதுமை நிறத்தது பாறையை விட்டு வெளியே வழிந்து, மணலில் இறங்கி, ஒரு தலையணை அளவுக்கு உப்பியிருந்தது. நீல விளக்கில் அதன் துளைகள் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது. எல்லாம் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின.

ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து கசிவு கேட்கிற கம்பியைக் கொண்டுவந்தான். ஓர் ஆள் உயர இரும்புக் கம்பி, மேல் முனையில் காதில் வைக்க ஒரு மரக் கிண்ணி. தரையில் ஊன்றிக் காதை வைத்தால் நாலடி ஆழத்தில் குழாய் கசிவதுகூடக் கேட்கும். மகள் அறையில் படுத்திருந்தாள். மனைவி அவளுக்கு ஸ்பூனில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கம்பியைத் தொட்டிக்குள் இறக்கி, அந்தப் பஞ்சு உட்கார்ந்திருந்த பாறையில் ஊன்றிக் காதை வைத்தான். முதலில் பம்பின் இரைச்சல். அதற்கு அடியில் ஒரு துடிப்பு.

பம்பை நிறுத்தினான். வடிகட்டியை நிறுத்தினான். விளக்கையும் நிறுத்தினான். கூடம் இருட்டி, தண்ணீர் அசையாமல் நின்றது.

துடிப்பு நிற்கவில்லை. டப்டப், டப்டப். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிஷத்துக்கு நூற்றுப் பதினெட்டு.

அறைக்குள் போனான். மருந்துக்கடையிலிருந்து மனைவி கொண்டுவந்திருந்த, விரலில் மாட்டி நாடி பார்க்கிற கருவி மகளின் விரலில் இருந்தது. அதன் சின்னத் திரையில் பச்சை எழுத்தில் எண்.

நூற்றுப் பதினெட்டு.

"என்னங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் மனைவி.

அவன் திரும்பிப் போய் விளக்கைப் போட்டு, நீளமான இடுக்கியை எடுத்தான். எது எப்படியானாலும் அதைப் பிய்த்து எறிந்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டான். தண்ணீருக்குள் குனிந்தபோது, பஞ்சின் பெரிய துளை ஒன்றுக்குள் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. வாலுவின் பல். தொலைந்துபோன அதே முன்பல். அட, இங்கேயா இருந்தாய் என்று ஒரு கணம் அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இடுக்கியால் அதைப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை. அது வேர்விட்டு, சதையில் ஊன்றி நின்றது.

கொஞ்சம் அழுத்தி ஆட்டினான்.

"அப்பா!" அறைக்குள்ளிருந்து அலறல். "அப்பா, பல்லு வலிக்குதுப்பா! யாரோ பிடிச்சு இழுக்கறாங்கப்பா!"

இடுக்கி கையைவிட்டு நழுவி மணலில் விழுந்தது. எடுக்கவில்லை.

அன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கோடு, உப்பு, துடிப்பு, பல். அவள் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்து போய் மகளின் துணிகளைப் பையில் அடைத்தாள். பிறகு, "உங்களுக்குப் பைத்தியமோ, இல்ல அதுக்குப் பேய் பிடிச்சிருக்கோ, எதுவா இருந்தாலும் என் பிள்ளை இனிமே இந்த வீட்ல இருக்கக் கூடாது," என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். இரண்டரை மணிநேரப் பயணம். கிளம்பும்போது வாலு தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நான் இங்கயே இருக்கேன்பா," என்று முனகினாள். அவன் அவள் தலையைத் தடவி, "நாலு நாள்தான்டா கண்ணு," என்றான்.

அவன் போகவில்லை. இதை ஒரு வழி பண்ணாமல் போக முடியாது. ஆனால் அவசரப்படவும் பயமாக இருந்தது. பல்லை ஆட்டியதற்கே அப்படி அலறினாளே. அறுத்தால்?

முதல் நாள் மனைவி போனில் அழுதாள். வாலு கண்ணையே திறக்கவில்லை என்றாள். அன்று தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை வந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் வழிந்தது. அவன் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று சொன்னாள்.

மூன்றாம் நாள் போனில் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "ஏங்க, கன்னமெல்லாம் புஸ்ஸுன்னு வந்துடுச்சுங்க. அக்கா பசங்களோட ஒரே ஆட்டம். தண்ணி தண்ணின்னு கேக்கறதும் இல்ல. நீங்க சொன்னதுதான் சரியோ என்னவோ."

அவன் சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழுதான். பிழைத்துவிட்டாள். தூரம்தான் மருந்து. அது உறிஞ்சுகிற தூரத்தில் அவள் இல்லை இப்போது.

அன்று காலை தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக. ஆரஞ்சுப் பஞ்சின் அடையாளமே இல்லை, பொட்டுக்கூட மிச்சமில்லாமல் போயிருந்தது. பெரியது அதைத் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பெரியது மணலில் ஒருக்களித்தாற்போல் கிடந்தது. துளைகள் வேகவேகமாகத் திறந்து மூடின.

எதையும் சரிபார்க்காமல் செய்கிற ஆள் இல்லை அவன். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மகளிடம் கொடுக்கச் சொன்னான். மறுகையில் இடுக்கி.

"என்னடா பண்றே?"

"விளையாடறேன்பா."

பல்லைப் பிடித்து மெல்ல ஆட்டினான். தண்ணீருக்குள் அந்த உடம்பு முழுக்க ஒரு முறை சுருண்டது. "எங்கயாவது வலிக்குதாடா?"

"இல்லையே."

அழுத்தி ஆட்டினான். "இப்போ?"

"இல்லப்பா. எனக்கு எங்கயுமே வலிக்கல." குரல் தெளிவாக, நல்ல ஈரமாக இருந்தது.

அது போதும் அவனுக்கு. மறுநாள் வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, காலை எட்டு மணிக்கு முழங்கை வரை கையை விட்டு அதை அள்ளினான். சூடாக இருந்தது. பாறையை விடவில்லை, பிடித்துக்கொண்டது. பிய்த்தான். தண்ணீரைவிட்டு மேலே தூக்கியதும் இத்தனை கனமா என்று தோள் இறங்கியது. தூங்கும் பிள்ளையைச் சோபாவிலிருந்து கட்டிலுக்குத் தூக்கிப் போகிற கனம். எல்லாத் துளையிலும் தண்ணீர் இறங்க, எல்லாத் துளையிலும் காற்று ஏறியது. ஏறும்போது சத்தம் வந்தது. மெல்லிய, இழுத்து இழுத்து வருகிற சத்தம். இதைத்தானே செய்யக் கூடாது என்பார்கள், இப்போது வேண்டுமென்றே செய்கிறோம் என்று நினைத்து அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினான்.

மொட்டைமாடியில் ஒரு தகரத்தை விரித்து, அதன்மேல் போட்டான். நல்ல வெயில். தகரம் ஏற்கெனவே சுட்டது. அது துடித்தது. மூச்சு வாங்கியது. விட்டது. நடுவில் விட்டுவிட்டு ஒரு விசும்பல் மாதிரி. காற்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துளையில் நிற்கிற காற்று. கீழே போய் வாஷிங் மெஷினில் நாலு அழுக்குத் துணியைப் போட்டு ஓடவிட்டான். அதற்கும் மேல் கேட்டது. ரேடியோவைப் போட்டான்.

பத்தரைக்கு ரேடியோவை அணைத்தபோது எந்தச் சத்தமும் இல்லை. மேலே போய்ப் பார்த்தான். பாதியாகச் சுருங்கி, மேல்தோல் வெடித்து, அசைவில்லாமல் கிடந்தது. காலால் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது. குளித்து, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, மகளைக் கூட்டி வரப் பஸ் ஏறினான்.

மனைவியின் அக்கா வீட்டில் கதவைத் திறந்ததே மனைவிதான். முகமெல்லாம் சிரிப்பு. "உள்ள வாங்க, உங்க பொண்ணைப் பாருங்க. அக்காதான் சொல்றாங்க, இவளையா சீக்குன்னு தூக்கிட்டு வந்தேன்னு."

"என்ன சாப்பிட்டா?"

"சாப்பாடுதான் இறங்கல இன்னும். மெல்லவே மாட்டேங்கறா. குளியல் தொட்டியில தண்ணியை நிரப்பி அதுலயே உக்காந்திருக்கா, நாளெல்லாம். போகட்டும், உடம்பு தேறட்டும்னு விட்டுட்டேன்." அவள் ஞாபகம் வந்தவளாகச் சிரித்தாள். "ஆங், அந்த நாடி பாக்கற மிஷின் போச்சுங்க. ரெண்டு நாளா அவ விரல்ல மாட்டினா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. பேட்டரி மாத்திப் பாத்துட்டேன்."

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றான்.

"அவ விரல்ல மட்டுமா?" என்று அவன் கேட்டான். "உன் விரல்ல மாட்டினா காட்டுதா?"

"எனக்குக் காட்டுது. அதான் பாருங்களேன், கூத்தை."

குளியலறைக் கதவு திறந்தது. வாலு ஓடி வந்தாள். கன்னம் உப்பி, கை கால் உருண்டு, தோல் பளபளவென்று. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. அத்தனை நேரம் தண்ணீரில் இருந்த பிள்ளை. ஒரு சொட்டுக்கூட இல்லை.

"அப்பா!"

அவன் அப்படியே முட்டி போட்டான். ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குளிர்ச்சி. பாறையடிக் குளிர்ச்சி. அவன் கைகள் பழக்கத்தில் அவள் முதுகைச் சேர்த்து அணைத்தன. அணைத்த கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உள்ளே போனது. விலா எலும்பு இல்லை. முதுகுத்தண்டு இல்லை. விரல்கள் அமுங்க அமுங்க, அவள் உடம்பு முழுக்கத் தண்ணீர் விட்டது. தோளில், இடுப்பில், காதுக்குப் பின்னால், எங்கிருந்தெல்லாமோ. அவன் சட்டையில் ஓடி, முழங்கையில் வழிந்து, தரையெல்லாம் பரவியது. வெளிர் ஆரஞ்சு நிறம்.

அவள் சிரித்தாள். சத்தமில்லை. திறந்த வாய்க்குள் நாக்கு இல்லை, தொண்டை இல்லை. செக்கச்சிவந்த ஆரஞ்சு, ஆழம் வரைக்கும்.

தூரம் மருந்து இல்லை. பல்லை ஆட்டியபோது போனில் பேசிய இவளுக்கு வலிக்கவில்லை என்றால்.

வலித்தது யாருக்கு?

இரண்டரை மணிநேரம், தகரத்தின் மேல், வெயிலில், விசும்பி விசும்பி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது யார்? கீழே அவன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க, என்ன இது, தரையெல்லாம் ஈரம்?" மனைவியின் குரல் எங்கேயோ கேட்டது.

அவன் கைகளுக்குள் அவள் ஒரு பிடித் துணி அளவுக்குச் சுருங்கியிருந்தாள். முகம் மட்டும் அப்படியே இருந்தது. உதறிவிட நினைத்துக் கையைத் தளர்த்தினான். தளர்த்தியதுதான் தாமதம், அது மறுபடி உப்பத் தொடங்கியது. தரையில் பரவிய தண்ணீர் அதன் காலடி நோக்கித் திரும்பியது. அவன் சட்டையில் இருந்த ஈரம் போனது. முதுகில் வழிந்த வேர்வை போனது. கண்ணில் வந்த தண்ணீர் கன்னத்தில் இறங்குவதற்கு முன்பே போனது. அவன் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் நிறைந்து, உருண்டு, இன்னும் இறுகின.

"இன்னொரு தடவை அமுக்குப்பா," என்றது அது.